தேய்த்துத் துளைத்தல்: கருங்கல்லுக்கும் டைல்ஸுக்கும் ஏற்ற வைர ஹோல் சா

திருச்செங்கோட்டுப் பகுதியிலிருந்து புறப்பட்டு இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்லும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளைக் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. அந்த வண்டியின் குழாய் வரிசைக்கு அடியில் இருக்கும் சுத்தியல், காற்றழுத்தத்தின் விசையால் நொடிக்குப் பல முறை பாறையை இடிக்கிறது. அதன் முகத்தில் பதித்திருக்கும் டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பாறையை நொறுக்குகின்றன. நொறுங்கிய தூளை அதே காற்று மேலே தள்ளிவிடுகிறது. நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குக் கருங்கல்லைத் துளைக்க அந்த முறை மிகவும் பொருத்தமானது, ஏனென்றால் அங்கே துளையின் விளிம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. சமையலறை மேடையில் குழாய் பொருத்த 18 மி.மீ. கனமுள்ள கிரானைட் பலகையில் துளையிடுவதும், குளியலறைச் சுவரில் ஏற்கெனவே பதித்துவிட்ட டைல்ஸில் துளையிடுவதும் முற்றிலும் வேறு வேலை. அங்கே இடித்தால் துளை கிடைக்கும், ஆனால் அதைச் சுற்றி விரிசலும் சேர்ந்தே கிடைக்கும்.

கல்லும் சுட்ட மண்ணும் அழுத்தத்தை மிக நன்றாகத் தாங்கும். இழுவிசையை அந்த அளவுக்குத் தாங்காது. கருங்கல்லின் இழுவிசைத் தாங்குதிறன், அது அழுத்தத்தைத் தாங்கும் திறனில் சுமார் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். உளியின் முனையோ, சுத்தியல் விசையுடன் இயங்கும் டிரில்லிங் மெஷினில் மாட்டிய கான்கிரீட் பிட்டோ (துளையிடும் முனை) ஓரிடத்தில் அடிக்கும்போது, அடிபட்ட புள்ளி நசுங்குகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு இழுவிசைக்கு ஆளாகிறது. இரும்பாக இருந்தால் சிறிது வளைந்துகொடுத்து அந்த விசையை விழுங்கிவிடும். கல் வளைவதில்லை, ஆகவே பிளக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிதறல் அதில் ஒரு பகுதிதான். மயிரிழை போன்ற விரிசல்கள் உள்ளே தங்கிவிடுகின்றன. குழாயின் அடித்தட்டு ஓரத்தை மறைத்துவிடும் என்பதால் துளை எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று சில இடங்களில் சொல்வதை ஏற்றுக்கொள்ள முடியாது. குழாயை ஆண்டுக்கணக்கில் திருகித் திருப்பும் அசைவிலும், வெந்நீர் பட்டு விரிந்து குளிர்ந்து சுருங்கும் மாற்றத்திலும் அந்த விரிசல் மெல்ல நீண்டு ஒருநாள் தட்டுக்கு வெளியே தலைகாட்டும். அதன் வழியாக ஈரம் டைல்ஸுக்குப் பின்புறம் இறங்கும்.

வைர ஹோல் சா இடிப்பதில்லை. கத்தியைப் போல அறுப்பதும் இல்லை. அது ஒரு மெல்லிய எஃகுக் குழல். அதன் வாய் விளிம்பில் வைரத் துகள்கள் பிடிக்க வைக்கப்பட்டிருக்கும். குழல் சுழலும்போது ஒவ்வொரு துகளும் கல்லின் மேல் மிகச் சிறிய கீறலைப் போட்டுவிட்டுப் போகிறது. ஆயிரக்கணக்கான கீறல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழ, வட்ட வடிவில் ஒரு பள்ளம் உண்டாகி ஆழமாகிக்கொண்டே செல்கிறது. இறுதியில் நடுவிலுள்ள கல் ஒரு வில்லையாகக் கழன்று குழலுக்குள் வந்துவிடுகிறது. இதில் உழைப்பும் மிச்சம். 35 மி.மீ. துளையின் முழு வட்டத்தையும் தூளாக்க வேண்டுமானால் 962 சதுர மி.மீ. பரப்பைத் தேய்க்க வேண்டும். குழலின் சுவர் 2 மி.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால், வளையத்தின் பரப்பு 207 சதுர மி.மீ. மட்டுமே, அதாவது ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். மீதியைத் தொடவே வேண்டியதில்லை.

இந்த வேலை தேய்த்தல் என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால், கருவியைப் பற்றிச் சொல்லப்படும் விதிகள் எல்லாவற்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிராது. தண்ணீர் ஏன், வேகம் ஏன் குறைவு, ஏன் அழுத்தக் கூடாது, சுத்தியல் இயக்கத்தை ஏன் நிறுத்த வேண்டும் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அதிலிருந்தே வருகிறது.

முதலில், ஏன் வைரம்? ஒரு பொருள் இன்னொன்றைக் கீற வேண்டுமானால் அதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். 1812இல் பிரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட் 3, பெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, மாணிக்கம், நீலம் ஆகிய கற்களின் கனிமமான குருந்தம் 9, வைரம் 10. இவை வரிசை எண்களே தவிர அளவுகள் அல்ல. 9க்கும் 10க்கும் நடுவிலுள்ள தூரம் மற்ற எல்லாப் படிகளையும்விட மிகப் பெரியது. கொங்கு நாட்டுப் பாறைகளில் இந்த வரிசையின் பெரும்பகுதியைப் பார்க்கலாம். மதுக்கரையில் சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் வரிசையின் கீழ்ப்படியில் இருக்கிறது. சங்ககிரி, திருச்செங்கோடு மலைகளின் கருங்கல்லில் பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் நிறைந்திருக்கின்றன. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தமே கிடைக்கிறது. சென்னிமலைக்கு அருகில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலின் அகழாய்வில் குவார்ட்ஸ் படிகம், சூதுபவளம், நீலம் முதலிய கற்களாலான மணிகள் துளையிட்டவையாகவும் துளையிடாதவையாகவும் கிடைத்திருப்பதை நினைத்தால், குவார்ட்ஸையும் அதைவிடக் கடினமான கற்களையும் சிதறாமல் துளைக்கும் பொறுமை இந்த மண்ணுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் என்பது விளங்கும்.

சாதாரண எஃகு பிட்டு குவார்ட்ஸின் மேல் வழுக்கி மழுங்கிவிடும். டங்ஸ்டன் கார்பைடு குவார்ட்ஸைவிடக் கடினமானதுதான். சிவப்பு மண் உடலுள்ள பழைய சுவர் டைல்ஸை அது துளைத்துவிடும். ஆனால் இன்று வீடுகளில் பரவலாகப் பதிக்கப்படும் விட்ரிபைடு டைல்ஸ் மிக உயர்ந்த வெப்பத்தில் சுடப்பட்டு, நீரை உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குள் அடங்கும்படி இறுகியிருக்கிறது. அதன் முன் கார்பைடு முனை விரைவில் மழுங்குகிறது. மழுங்கிய முனையை அழுத்தினால் டைல்ஸ் உடைகிறது. வைரம் என்றதும் விலையை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1954 டிசம்பரில் செயற்கை வைரம் உருவாக்கப்பட்ட பிறகு, கருவிகளுக்கான வைரத் துகள் தொழிற்சாலைப் பொருளாகிவிட்டது. வன்பொருள் கடையில் வாங்கும் ஹோல் சாவில் இருப்பது அதுவே.

கடையில் மூன்று வகைகள் கிடைக்கும். வைரத் துகளை எஃகுக் குழலின் வாயில் நிக்கல் முலாமால் ஒட்டவைப்பது முதல் வகை; இதில் ஒரே ஓர் அடுக்கு வைரம்தான், அது தேய்ந்தால் பிட்டின் ஆயுள் முடிந்தது. வெற்றிட உலையில் உலோகக் கலவையை உருக்கித் துகளைப் பற்றவைப்பது இரண்டாம் வகை. இதிலும் ஒரே அடுக்குதான் என்றாலும் பிடிமானம் மிக வலுவானது என்பதால், கிரைண்டரில் (கல், டைல்ஸ் வெட்டும் கை மெஷின்) மாட்டி அதிக வேகத்தில் ஓட்டும்படி செய்திருப்பார்கள்; உள்ளே மெழுகு வைத்தும் விற்பார்கள், அது உருகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். உலோகப் பொடியுடன் வைரத் துகளைக் கலந்து அழுத்திச் சுட்டுச் செய்த பற்களைக் கொண்டது மூன்றாம் வகை; சுவரில் ஏ.சி. குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் பெரிய துளையிடும் கோர் கட்டர் இத்தகையது. வீட்டில் ஒன்றிரண்டு குழாய்த் துளைகள் மட்டுமே போடப் போகிறவருக்கு முதல் வகையே போதும். ஆனால் பத்துப் பன்னிரண்டு அளவுகளை ஒரே பெட்டியில் அடைத்து மலிவாக விற்பதை வாங்குவதைவிட, வேண்டிய அளவில் ஒரே ஒரு நல்ல பிட்டை வாங்குவது மேல். அரை அங்குலக் குழாய் இழையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மி.மீ.; அதற்கு 25 மி.மீ. துளை வசதியாக இருக்கும். மேடையில் நிற்கும் ஒற்றைக் கைப்பிடி மிக்சர் குழாய்க்குப் பெரும்பாலும் 35 மி.மீ. கேட்பார்கள். பொருத்தப் போகும் குழாயை முதலில் வாங்கி அளந்துவிட்டே பிட்டை வாங்க வேண்டும்.

மூன்றாம் வகையில் புதியவர்களைக் குழப்பும் ஒரு தன்மை உண்டு. கல் கடினமாக ஆக, வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் மிருதுவாக இருக்க வேண்டும். வேலை செய்யும்போது வெளியில் துருத்திக்கொண்டிருக்கும் வைரத் துகள் மெல்ல மழுங்குகிறது. அதைச் சுற்றியுள்ள உலோகமும் அதே நேரத்தில் தேய்ந்தால்தான் மழுங்கிய துகள் உதிர்ந்து உள்ளேயிருக்கும் புதிய கூர்த்துகள் வெளியே வரும். மணல் கலந்த சிமெண்டுக் கலவை உலோகத்தை வேகமாக அரிக்கும், அதற்குக் கெட்டியான உலோகம் வேண்டும். இறுகிய கருங்கல்லோ நுண்ணிய தூளாகவே வருவதால் உலோகத்தை அதிகம் அரிப்பதில்லை. கெட்டியான உலோகமாக இருந்தால் அது தேயாமல் பளபளவென்று வழவழப்பாகிவிடும், பிட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், கல்லில் இறங்காது. அந்த நிலையில் மேலும் அழுத்துவது தவறு. ஒரு செங்கல்லிலோ சிமெண்டுக் கல்லிலோ சிறிது நேரம் துளையிட்டால் மேலுள்ள உலோகம் அரிபட்டுப் புதிய வைரம் தலைநீட்டும். வழுக்கிப்போன அம்மியைக் கொத்தி மீண்டும் சொரசொரப்பாக்குவதற்கு நிகரான வேலை இது. முலாம் பூசிய ஓரடுக்குப் பிட்டில் வைரம் போய்விட்டால் இப்படி உயிர்ப்பிக்க வழியில்லை. வைரம் இருந்தும் கல் மாவு அடைத்துக்கொண்டிருந்தால் மட்டும் செங்கல்லில் லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம்.

அடுத்தது தண்ணீர். தேய்த்தால் சூடு பிறக்கும். அந்தச் சூடு வைரமும் கல்லும் உரசும் மிகச் சிறிய புள்ளிகளில் குவிகிறது. வைரம் கரியின் ஒரு வடிவம் என்பதால், காற்றுப் படும் இடத்தில் சுமார் 700, 800 டிகிரி செல்சியஸ் எட்டும்போது அது உயிர்வாயுவுடன் சேர்ந்து அழியத் தொடங்குகிறது. அதற்கு முன்பே நிக்கல் பிடிமானம் தளர்ந்து துகள் உதிர்ந்துவிடக்கூடும். டைல்ஸும் ஓரிடத்தில் மட்டும் சூடாகி விரிந்தால் வெடிக்கும். தண்ணீர் இந்தச் சூட்டை எடுத்துக்கொள்வதோடு, தேய்ந்த கல் மாவைப் பள்ளத்திலிருந்து வெளியே கழுவி, அடுத்த கீறலுக்கு இடம் செய்கிறது. தூசி பறக்காமலும் அடக்குகிறது. மேடை போன்ற படுக்கை மட்டத்தில் துளையிட வேண்டிய இடத்தைச் சுற்றிக் களிமண்ணாலோ ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் மக்காலோ விரல் உயரத்துக்கு வரப்புக் கட்டி, அதற்குள் தண்ணீர் நிறுத்தினால் போதும். சுவரில் தண்ணீர் நிற்காது. ஆகவே இன்னொருவர் பக்கத்தில் நின்று, மூடியில் துளையிட்ட பாட்டிலால் பிட்டின் விளிம்பில் தொடர்ந்து பீய்ச்ச வேண்டும். எந்த நிலையிலும் சில நொடிகளுக்கு ஒருமுறை பிட்டைச் சற்றே உயர்த்தி, பள்ளத்தின் அடிவரை நீர் இறங்க விட்டு மீண்டும் இறக்குவது நல்லது. வெளிவரும் நீர் பாலைப் போல வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள். ஆவி எழுந்தாலோ, தீய்ந்த வாடை வந்தாலோ உடனே நிறுத்த வேண்டும்.

வேகத்தைப் பற்றிய கணக்கு எளிது. 6 மி.மீ. பிட்டு ஒருமுறை சுற்றும்போது அதன் விளிம்பு 19 மி.மீ. தூரம் செல்கிறது, 60 மி.மீ. பிட்டு ஒருமுறை சுற்றினால் 188 மி.மீ. தூரம். மெஷினின் சுழற்சி ஒன்றாகவே இருந்தால் பெரிய பிட்டின் விளிம்பு பத்து மடங்கு வேகமாக உரசுகிறது, சூடும் அதற்கேற்ப ஏறுகிறது. ஆகவே விட்டம் கூடக்கூடச் சுழற்சியைக் குறைக்க வேண்டும். முலாம் பூசிய பிட்டைத் தண்ணீருடன் டிரில்லிங் மெஷினில் ஓட்டும்போது, 6 முதல் 10 மி.மீ. வரை நிமிடத்துக்குச் சுமார் 1,000 முதல் 1,500 சுற்று, 25 முதல் 35 மி.மீ. வரை 400 முதல் 800 சுற்று, 50 மி.மீ.க்கு மேல் 300, 400 சுற்று என்று தோராயமாகக் கொள்ளலாம். பிட்டின் உறையில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதற்கே முதலிடம். சாதாரண மெஷின்கள் பல, முழு விசையில் 2,500 சுற்றைத் தாண்டும் என்பதால், விசையை அழுத்தும் அளவுக்கேற்ப வேகம் மாறும் மெஷினே இந்த வேலைக்கு உகந்தது. முலாம் பூசிய பிட்டைக் கிரைண்டரில் மாட்டி முழு வேகத்தில் ஓட்டுவது அதை அழிப்பதற்கான விரைவான வழி. கிரைண்டருக்கென்றே செய்த இரண்டாம் வகைப் பிட்டுக்கு இந்த எண்கள் பொருந்தா. அதை ஒரே இடத்தில் அழுத்தாமல், சிறு வட்டமாக அசைத்துக்கொண்டே இறக்குவதன் மூலம் சூட்டைப் பரப்புவார்கள்.

மெஷினில் சுத்தியல் படமும் பிட்டின் படமும் போட்ட திருகு இருந்தால், அது பிட்டின் படத்தில் நிற்கிறதா என்று தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட வேண்டும். சுத்தியல் இயக்கம் ஒரு நொடி இருந்தாலும் டைல்ஸ் போய்விடும், பிட்டின் வைரமும் உதிரும்.

துளையைத் தொடங்குவதுதான் புதியவருக்குக் கடினமான கட்டம். பெரும்பாலான வைர ஹோல் சாக்களில் நடுவில் வழிகாட்டும் முனை இருக்காது. நேராக வைத்து விசையை அழுத்தினால் வாய் வழுக்கி ஓடி, பளபளப்பான பரப்பில் வளைகோடுகளைக் கீறிவிடும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பிட்டைச் சுமார் 45 பாகை சாய்த்து, விளிம்பின் ஒரு பகுதி மட்டும் படும்படி மெதுவாகச் சுற்றவிட்டு, பிறைவடிவப் பள்ளம் விழுந்ததும் சுழலும்போதே படிப்படியாக நிமிர்த்துவது ஒரு வழி. கை பழகாதவர்களுக்கு இரண்டாம் வழி பாதுகாப்பானது: ஒரு பிளைவுட் துண்டில் அதே அளவுத் துளையைப் போட்டுக்கொண்டு, அதை டைல்ஸின் மேல் அசையாதபடி பிடித்து அல்லது ஒட்டி, அந்தத் துளைக்குள் பிட்டை இறக்குவது. சுவர் வேலையில் இது மிகவும் உதவும். மீந்த டைல்ஸ் துண்டு ஒன்றில் முதலில் பழகிக்கொள்வதற்கு ஆகும் நேரம் வீணல்ல.

பள்ளம் விழுந்த பிறகு, மெஷினின் எடையைவிடச் சற்றே அதிகமான அழுத்தம் போதும். 35 மி.மீ. துளை 18 மி.மீ. கிரானைட்டில் இறங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் ஆபத்தானது. அடியில் மிஞ்சியிருக்கும் மெல்லிய கல்லுக்குப் பின்பலம் இல்லாததால், தேய்ந்து முடிவதற்குள் அழுத்தத்தால் பெயர்ந்து, அடிப்பக்க விளிம்பைச் சிதறடித்துக்கொண்டு போகும். ஆகவே பதிக்காத பலகையாக இருந்தால் அடியில் மரத்துண்டை ஒட்டினாற்போல் வைத்து, அழகான முகம் மேலே இருக்கும்படி துளையிட வேண்டும். ஓசை மாறுவதை உணர்ந்ததும் கையை இன்னும் இலேசாக்க வேண்டும். துளை முடிந்ததும் வில்லை குழலுக்குள் சிக்கிக்கொள்வது வழக்கம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, குழலின் பக்கவாட்டுத் துவாரத்தின் வழியே ஆணியால் தள்ளி எடுக்கலாம்.

சுவரில் பதித்த டைல்ஸில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால், பின்னால் கலவை நிறைந்த இடம் கெட்டியாக ஒலிக்கும்; கலவையை அங்கங்கே உருண்டையாக வைத்துப் பதித்திருந்தால் நடுவில் வெற்றிடமாக ஒலிக்கும். வெற்றிடத்தின் மேல் துளையிடுவது தவிர்க்க முடியாதென்றால், அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மின்கம்பிகள் பெரும்பாலும் சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும், தண்ணீர்க் குழாய்கள் குழாய் வாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் ஓடும் என்பதை மனத்தில் வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டைல்ஸைத் தாண்டியதும் வைரப் பிட்டை எடுத்துவிட்டுச் சுவருக்குக் கான்கிரீட் பிட்டைப் பயன்படுத்தலாம், ஆனால் அது டைல்ஸின் விளிம்பில் படாத அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும்.

சிங்க் வைப்பதற்காகக் கிரானைட்டில் செவ்வகமாக வெட்டும் வேலையிலும் ஹோல் சாவுக்கு ஓர் இடம் உண்டு. அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கூர்மையான உள்மூலையில் விசை குவியும். மேடையின் முன்புறம் மிஞ்சும் ஒடுக்கமான கல்பட்டை அந்த மூலையிலிருந்துதான் பிளக்கும். நான்கு மூலைகளிலும் முதலில் வட்டத் துளையிட்டு, பிறகு பிளேடால் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு வெட்டினால் மூலை உருண்டையாகி விசை பரவிவிடும். கண்ணாடியில் சாதாரணக் கண்ணாடியை மட்டுமே இந்தப் பிட்டால் துளைக்கலாம். டஃபன் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி, துளையிட முயன்றால் முழுவதும் நொறுங்கிவிடும்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருப்பதால், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் (ஆர்.சி.சி.பி.) உள்ள இணைப்பிலிருந்தே மெஷினுக்கு மின்சாரம் எடுக்க வேண்டும். நீர் மெஷினை நோக்கி வழியாதபடி நிற்க வேண்டும். ஒயர் இணைப்புத் தரையில் கிடக்கக் கூடாது. காலில் ரப்பர் செருப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். இவற்றைவிட அதிகம் வலியுறுத்த வேண்டியது தூசியைப் பற்றி. கருங்கல், விட்ரிபைடு டைல்ஸ் ஆகியவற்றின் தூளில் படிகச் சிலிகா இருக்கிறது. அதன் மிக நுண்ணிய துகள் நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கி, சிலிக்கோசிஸ் என்ற நோயை உண்டாக்கும். ஒருமுறை தழும்பேறிய நுரையீரலைத் திரும்பப் பெறும் மருத்துவம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் வைத்திருக்கிறது. கதவடைத்த குளியலறையில், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கிரைண்டரால் உலர்வெட்டு வெட்டும் இளைஞர்களைப் புதிய வீடுகள் எழும் ஊர்களில் எல்லாம் காண்கிறோம். துணி அந்தத் துகளைத் தடுக்காது. வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரையும், முகத்தில் படிந்து பொருந்தும் என்95 முகக்கவசத்தையும் தாமே எடுத்துக் கொடுத்து, நனைத்தே வெட்டச் சொல்ல வேண்டும். வேலை அரைமணி நேரம் நீளலாம். அந்தக் கூலியைச் சேர்த்துக் கொடுப்பது நியாயம்.

வேலை முடிந்தபின் மேடையில் தேங்கும் கல் சேறு காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்; காய்ந்தால் அது மீண்டும் தூசியாகும், டைல்ஸின் இணைப்புக் கோடுகளிலும் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சேற்றைச் சிங்கிலோ குளியலறைச் சாக்கடையிலோ கொட்டினால் குழாயின் வளைவில் படிந்து இறுகி அடைத்துவிடும். ஒரு வாளியில் வாங்கி இரவு முழுவதும் தெளியவிட்டு, மேல்நீரை வடித்துக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய மாவை ஈரத்தோடு பையில் கட்டிக் கட்டடக் கழிவுடன் சேர்த்துவிடலாம்.